இரண்டு ஹார்ட்டிஸ்க் இருந்தால் இரண்டு பிரதி ஆகிவிடாது

போன மாதம் செந்தூலிலிருந்து ஓர் அக்கா, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கடைக்கு வந்தார். துணிப்பையில் ஒரு நாஸ் பெட்டி, அதாவது ரவுட்டரோடு இணைத்து வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசிப் படங்களும் ஒரே இடத்தில் சேரட்டும் என்று மகன் வாங்கிப் பொருத்திக் கொடுத்தது. உள்ளே 4 டெராபைட் ஹார்ட்டிஸ்க் இரண்டு, ரெய்டு 1 முறையில்.

"ஒன்னு போனாலும் இன்னொன்னுல இருக்கும்னு மவன் சொன்னான் தம்பி. இப்ப ரெண்டுலயும் இல்லையே" என்றார்.

ஹார்ட்டிஸ்க் இரண்டுமே நல்ல நிலையில்தான் இருந்தன. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று யாரோ பழைய படங்களை அழித்திருக்கிறார்கள். கைப்பேசியும் நாஸும் இருவழி சிங்க்கில் இருந்ததால் அங்கே அழித்தது இங்கேயும் அழிந்துவிட்டது. ரெய்டு 1 என்பது ஒரே நேரத்தில் இரண்டு ஹார்ட்டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுவது. எழுதுவதைப் போலவே அழிப்பதையும் இரண்டிலும் செய்யும். ஒரு ஹார்ட்டிஸ்க் பழுதானால் மட்டுமே அது காப்பாற்றும். கைத்தவறு, வைரஸ், இடி, திருட்டு, வெள்ளம் எது வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

பாதிப் படங்களைத்தான் மீட்க முடிந்தது. அவருடைய தாத்தா தோட்டத்து லயத்து வாசலில் பால்வாளியோடு நிற்கும் படம் கிடைக்கவில்லை. அதன் அசல் கறையான் அரித்து எப்போதோ போய்விட்டதாம்.

கூகள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தி, புதிய படங்களையும் 15 கிகாபைட் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு நாஸ் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பெட்டிக்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

பொருத்தும்போது ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் போடுங்கள். கிகாபிட் இணைப்பில் வினாடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட் ஓடும். லோயாட் பிளாசாவில் ஹார்ட்டிஸ்க் வாங்கினால் சிஎம்ஆர் வகைதானா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருப்பது) என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். பழுதான ஹார்ட்டிஸ்க்கை மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது அது இழுத்துக்கொண்டே கிடக்கும். யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். கோலாலம்பூரின் சாயங்கால இடிமழை உங்களுக்குத் தெரியாததல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெடலாம்.

வெளியூரிலிருந்தும் படம் பார்க்கலாமே என்று ரவுட்டரில் போர்ட், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி, திறந்து வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் வைரஸ், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த நாஸ் பெட்டிகளைத் தேடிப் பூட்டி பிட்காயின் கேட்டது. வெளியிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு போதும். ரவுட்டரில் யூபிஎன்பி வசதியையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திறக்காத போர்ட்டைப் பெட்டியே திறந்துகொள்ளும்.

உங்கள் நாஸில் ஸ்னாப்ஷாட் வசதி (கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைத்து, பிறகு திருப்பிக் கொடுப்பது) இருந்தால் முதல் நாளே அதைப் போட்டு வையுங்கள். அக்கா வீட்டில் அது இருந்திருந்தால் தாத்தா படத்தைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பேன். அதோடு ஒரு யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க்கில் வாரம் ஒருமுறை பிரதி எடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து நாலு படத்தைத் திறந்தும் பாருங்கள்.

இன்னொரு பிரதி வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியது. அங்கிருந்து ஒருவர் சேறு அப்பிய நாஸையும், அதே மேசை டிராயரில் இருந்த பேக்கப் ஹார்ட்டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுவந்தார். வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று இரண்டுக்கும் ஏற்கெனவே கரண்ட் கொடுத்துப் பார்த்திருந்தார். நனைந்த ஹார்ட்டிஸ்க்குக்கு ஒருபோதும் கரண்ட் கொடுக்காதீர்கள். அப்படியே தரவு மீட்பவரிடம் கொண்டு போங்கள்.

செந்தூல் அக்காவுக்கு இப்போது இரண்டு யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். ஒன்று அவர் வீட்டில், இன்னொன்று சிரம்பானில் தம்பி வீட்டு அலமாரியில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போகும்போது இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வருவார். எது எந்த மாதத்துப் பிரதி என்று மேலே பிளாஸ்டர் ஒட்டி அவரே எழுதி வைத்திருக்கிறார்.