நின்றவர் பதிந்தார், நடந்தவர் மறைந்தார்

1869 மே 10. அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் பிராமன்டரி சம்மிட் என்ற வறண்ட மேட்டில், கிழக்கேயிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி போட்டுவந்த ரயில்பாதையும் மேற்கேயிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி போட்டுவந்த பாதையும் ஒன்றுசேர்ந்தன. அன்று ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். இரண்டு எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவில் இரு கம்பெனிகளின் தலைமைப் பொறியாளர்கள் கைகுலுக்குகிறார்கள். எஞ்சின்மேல் ஏறிய ஆட்கள் பாட்டில்களை நீட்டுகிறார்கள்.

எஞ்சின்களின் புகைபோக்கிகளைப் பாருங்கள். ஜூபிடர் என்ற எஞ்சினுடையது மேலே அகன்று விரிந்திருக்கும். அது விறகில் ஓடியது, பறக்கும் தீப்பொறிகளைப் பிடித்துவைக்க அந்த அகலமும் உள்ளே வலையும் தேவைப்பட்டன. 119 என்ற எண்ணுடைய மற்றது நிலக்கரியில் ஓடியது. அதன் புகைபோக்கி நேரான குழாய். எரிபொருள் என்ன என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. ஆனால் இன்னொரு கேள்வி அவ்வளவு சுலபமாக விடுபடுவதில்லை. சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டவர்களில் மிகப் பெரும்பகுதியினர் சீனத் தொழிலாளர்கள். இந்தப் படத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைய கேமராவால் அவர்களைப் பிடிக்க முடியவில்லையா, அல்லது கேமராமுன் அவர்களை நிறுத்தவில்லையா? ஊர் வரலாற்றுச் சங்கங்களிலும் சிறு நூலகங்களிலும் குவிந்துகிடக்கும் பழைய ரயில் படங்கள் எல்லாவற்றிடமும் கேட்கவேண்டிய கேள்வி இது. பதில் சொல்ல, அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைய முறை ஈரக் கொலோடியன். 1851-ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்டது. நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்த பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பசைபோன்ற ஒரு திரவம் கிடைக்கும், அதுதான் கொலோடியன். அதில் அயோடைடு, புரோமைடு உப்புகளைச் சேர்த்து, சுத்தமான கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி, தகட்டை நாலாபக்கமும் சாய்த்துச் சாய்த்துச் சீராகப் பரப்புவார்கள். ஈதர் ஆவியாகிப் படலம் இறுகத் தொடங்கியதும், இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலுக்குள் இறக்குவார்கள். சில நிமிடங்களில் படலத்துக்குள் வெள்ளி அயோடைடும் வெள்ளி புரோமைடும் உருவாகிவிடும். தகடு இப்போது ஒளியை உணரும்.

ஒளி பட்ட இடத்தில் அந்த வெள்ளி உப்பின் படிகத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. சில அணுக்கள் ஓரிடத்தில் கூடினால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு விதை விழுந்துவிட்டது. பிறகு இரும்பு சல்ஃபேட் கரைசலை ஊற்றினால், தகட்டின்மேல் எஞ்சியிருக்கும் வெள்ளி நைட்ரேட்டிலிருந்து வெள்ளி பிரிந்து அந்த விதைகள்மேல் படிகிறது. படம் தெரியத் தொடங்குகிறது. தகடு ஏன் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்: உருவத்தைக் கட்டும் வெள்ளி அந்த ஈரத்தில்தான் இருக்கிறது. காய்ந்துவிட்டால் வெள்ளி நைட்ரேட் படிகமாகிப் படலத்தையே கெடுத்துவிடும். பூசுவது, படமெடுப்பது, கழுவுவது எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதனால் மலைக்குப் போனாலும் பாலைவனத்துக்குப் போனாலும் புகைப்படக்காரர் ஓர் இருட்டறையை வண்டியிலோ கூடாரத்திலோ கூடவே கொண்டுபோனார். தண்ணீர், கண்ணாடி, ஈதர், தெரிந்த படத்தை அழியாமல் நிலைநிறுத்தப் பலர் பயன்படுத்திய பொட்டாசியம் சயனைடு எல்லாம் அதற்குள். சியரா நெவாடா மலையின் பனியில் இதைச் செய்துகாட்டியவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இனி அசைவைப் பார்ப்போம். பெரிய தகட்டுக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருங்கே தெளிவாக விழ, அதன் துளையைச் சிறிதாக்க வேண்டும். வெயிலிலும் சில நொடிகள் ஒளி படவிட வேண்டியிருந்தது. 40 செ.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ், 30 மீட்டர் தள்ளி ஒருவர் குறுக்கே நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் எல்லாமே 75 மடங்கு சிறுத்து விழும். சாதாரண நடையின் வேகம் நொடிக்கு 1.4 மீட்டர், அப்படியானால் தகட்டில் அவர் உருவம் நொடிக்கு ஏறக்குறைய 19 மி.மீ. நகரும். 5 நொடி ஒளி பட்டால் 9 செ.மீ.க்குமேல் இழுபடும். அவர் உடலின் அகலம் 40 செ.மீ. என்றால், பாதையின் எந்த ஒரு புள்ளியையும் அவர் மறைப்பது 0.3 நொடிக்குத்தான். மீதி 4.7 நொடியும் அவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணும் கல்லுமே பதிகின்றன. அவர் மங்கலாகக்கூட இல்லை, இல்லவே இல்லை.

மண் வெட்டுபவர், சுத்தியல் அடிப்பவர், கல் சுமப்பவர் எல்லாருக்கும் இதுதான் நடந்தது. மேற்பார்வையாளர் கைகட்டி நின்றார், பதிந்தார். ஆள் நடமாட்டமே இல்லாததுபோல் தோன்றும் பழைய ரயில் நிலையப் படங்களில் பல, உண்மையில் ஆட்கள் நிறைந்த நிலையங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தரையில் இரண்டு செருப்புகள் மட்டும் தெளிவாகவும் அவற்றுக்குமேல் லேசான கறையாகவும் ஓர் உருவம் தட்டுப்படலாம்: பாதத்தை ஊன்றியபடி உடலை அசைத்துக்கொண்டிருந்த ஒருவர்.

இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டியது, பலர் விளையாட்டுப் பொருளென்று ஒதுக்கிவிடும் ஸ்டீரியோ படம். நம் கண்களைப்போல் சற்றே இடைவெளி விட்டு வைத்த இரண்டு லென்ஸ்களால் பக்கம்பக்கமாக இரண்டு சிறு படங்கள் எடுத்து, ஒரு கருவியில் பார்த்தால் ஆழம் தெரியும். ஆழத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் சின்ன அளவுதான். படம் சிறிதென்றால் லென்ஸின் குவியத் தொலைவும் குறைவு. 40 செ.மீ.க்குப் பதில் 12 செ.மீ. லென்ஸ் என்று வையுங்கள். அதே அகலத் துளையில் தகட்டில் விழும் ஒளி 11 மடங்கு கூடும். 5 நொடி வேலை அரை நொடிக்குள் முடியும். உருவமும் 250 மடங்கு சிறுத்து விழுவதால் இழுபடுவது 3 மி.மீ.க்கும் குறைவு. நடப்பவர் கலங்கலாகவாவது தங்குவார். வேலையின் நடுவே ஒரு கணம் நின்றவர் முழுதாகவே பதிந்துவிடுவார்.

சென்ட்ரல் பசிபிக் பாதை நெடுக ஆல்ஃபிரட் ஹார்ட் எடுத்த 364 ஸ்டீரியோ படங்கள் இதற்குச் சாட்சி. 8-ஆம் எண் சுரங்கப்பாதையின் கிழக்கு வாயிலில், தோளில் காவடித் தடியோடு ஒரு சீனத் தொழிலாளி நிற்கும் படம் அவற்றில் ஒன்று. உள்ளே பாறையைக் குடைந்தவர்களுக்குக் குடிக்கக் கொண்டுபோனவர். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் இருந்தார் என்பதற்குச் சின்ன லென்ஸின் தயவில் ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது.

இப்போது பிராமன்டரி படத்துக்கு விடை சொல்லலாம். அது பெரிய தகடு, ஏறக்குறைய 10-க்கு 13 அங்குலம். ஆனால் அந்தக் கூட்டம் கேமராவுக்காகவே நிறுத்தப்பட்ட கூட்டம். டஜன் கணக்கான ஆண்களின் முகங்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. பாட்டிலை நீட்டிய கைகள்கூட அசையாமல் பிடிக்கப்பட்டவை. நின்ற எவரையும் அந்தத் தகடு பதிந்திருக்கும். கடைசித் தண்டவாளத்தை வைத்தவர்களில் சீனத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அதே நாளில் ரஸ்ஸல் எடுத்த ஸ்டீரியோ படமொன்றில் அவர்கள் தெரிகிறார்கள். ஆகவே பெரிய படத்தில் அவர்கள் கண்ணில் படாமல் போனதை வேதியியலின் தலையில் கட்ட முடியாது. ஆளில்லாத படத்தையெல்லாம் திட்டமிட்ட புறக்கணிப்பு என்று சொல்வதும் தவறு, எல்லாவற்றுக்கும் ‘அந்தக் காலத்துக் கேமரா அப்படி’ என்று சமாதானம் சொல்வதும் தவறு. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

அசைவைத் தவிர நிறமும் ஏமாற்றும். கொலோடியன் தகடு நீலம், ஊதா, புற ஊதா ஒளியை மட்டுமே உணரும். சிவப்பு ஒளியின் துகளுக்கு அந்த எலக்ட்ரானை விடுவிக்கும் அளவு ஆற்றல் இல்லை. நீல வானம் மேகமில்லாத வெள்ளைத் தாளாகிறது. சிவப்புச் சாயம் கறுப்பாகிறது. 1860-களின் அமெரிக்க எஞ்சின்கள் பளிச்சென்ற வண்ணங்களும் பித்தளை வேலைப்பாடுமாக இருந்தவை. படத்தில் எல்லாம் கரிய இரும்பாகத் தெரிகின்றன. மனிதர்களுக்கும் இதே கதி. வெயிலில் காய்ந்த தோலின் நிறமி நீல ஒளியை விழுங்கிவிடும். மச்சமும் சுருக்கமும் கூடுதலாகத் துருத்தித் தெரியும், நீலக் கண்கள் வெளிறிப்போகும். திறந்த வெளியில் உழைத்தவர் தம் வயதைவிட மூத்தவராகத் தெரிவதில் இந்தத் தகட்டுக்கும் பங்குண்டு.

1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டுக்கு வழிகாட்டினார். அந்தப் பத்தாண்டின் முடிவில் அது கடைகளில் விற்பனைக்கு வந்தது. வேகம் பல மடங்கு கூடியது, இருட்டறையைச் சுமக்கும் தொல்லை ஒழிந்தது. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் முதல் கோடக் கேமரா 25 டாலர். 1900-ல் வந்த பிரவுனி ஒரே டாலர். 1903-ல் அஞ்சலட்டை அளவிலேயே நெகடிவ் தரும் கோடக் 3ஏ வந்ததும், ஊருக்கு ஊர் நிலையத்து மேடை, பால் கேன்கள், தந்தி எழுத்தர், பெட்டிமேல் உட்கார்ந்த பிள்ளைகள் என்று எல்லாம் அட்டையாகித் தபாலில் போயின. உள்ளூர் சேகரிப்புகளின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புகழ்பெற்றவர்கள் எடுத்த பெரிய தகடுகளைத் தேசிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். இந்த அட்டைகளை அந்தந்த ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதியில்லாத படத்துக்குத் தேதி கண்டுபிடிக்கும் வழிகள் சுவையானவை. அமெரிக்க அஞ்சலட்டையின் பின்பக்கம் முகவரிக்கும் செய்திக்குமாக இரண்டாகப் பிரிந்திருந்தால், அது 1907 மார்ச்சுக்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சட்டைப்பை அளவுள்ள அட்டைப் படத்தின் முதுகில் வரி முத்திரை ஒட்டியிருந்தால், அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்றது; உள்நாட்டுப் போரையொட்டி விதித்த வரி அது. கறுப்பு அரக்கு பூசிய இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப் படத்தைக் காந்தம் இழுக்கும்; 1856-ல்தான் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கூலித் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்த படம் அது. அதில் இடம் வலமாக விழும் என்பதை மறந்தால், வலக்கைப் பழக்கமுள்ள பிரேக்மேனை, அதாவது ரயிலில் பிரேக் போடும் தொழிலாளியை, இடக்கையர் ஆக்கிவிடுவோம். ரயில் பெட்டிகளின் இணைப்பையும் கவனிக்கலாம். தொடக்கத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் நின்று, வளையத்தைச் சரியாக நுழைத்து முளை செருக வேண்டும். எத்தனையோ பேரின் விரல்களையும் உயிரையும் வாங்கிய வேலை. தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893-ல் வந்தது. பழைய வளைய இணைப்பைப் படத்தில் கண்டால், படம் அந்த மாற்றம் பரவுவதற்கு முந்தியது என்று கொள்ள இடமுண்டு.

இத்தனை நுணுக்கம் எப்படிக் கிடைக்கிறது? அன்று நெகடிவைத் தாளின்மேல் நேரடியாக வைத்து வெயிலில் அச்சிட்டார்கள். நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு. கொலோடியனின் வெள்ளித் துகள் மிக மிக நுண்ணியது. 10-க்கு 13 அங்குலத் தகட்டை அங்குலத்துக்கு 1,200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 18.7 கோடி பிக்சல்கள் வரும். கடைப் பலகையிலுள்ள எழுத்து, சட்டையின் ஒட்டு, எஞ்சினின் எண் எல்லாவற்றையும் படிக்க முடிவது அதனால்தான். இணையத்தில் சின்ன அளவில் மட்டும் படத்தை ஏற்றிவைப்பது இந்தச் செல்வத்தைப் பூட்டிவைப்பதற்குச் சமம்.

அழிவும் வேதியியல்தான். முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் தாள், வெண்கருவின் புரதம் மாறி மஞ்சளாகிறது. ஜெலட்டின் தகட்டின் ஓரங்களில் தெரியும் நீலநிறப் பளபளப்பு, காற்றின் மாசு பட்டு ஆக்ஸிஜனேற்றமடைந்த வெள்ளி அயனியாக நகர்ந்து மேற்பரப்பில் மறுபடி படிந்தது. 1889-லிருந்து 1950-களின் தொடக்கம்வரை வந்த நைட்ரேட் ஃபிலிம் எரிவதற்கான ஆக்ஸிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கடியிலும் எரியும். அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வினிகர் நெடி வீசும். அந்த நெடியைக் கிளப்பும் அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். குளிரும் உலர்ந்த காற்றும் இவற்றையெல்லாம் மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. கண்ணாடித் தகடுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் கனம் தாங்காமல் அடியிலுள்ளவை உடையும். நீண்ட பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தித்தான் வைப்பார்கள். உறை அமிலமில்லாத தாளாக இருக்க வேண்டும்.

வீட்டுப் பெட்டியிலிருந்து இப்படிப்பட்ட படங்களை ஊர் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுப்பவர்கள், ஸ்கேன் செய்யும்போது முதுகுப் பக்கத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்ல வேண்டும். பழுப்பேறிய அட்டையைக் கிழித்து, படத்தை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஸ்டுடியோவின் முத்திரை, வரி முத்திரை, பென்சிலில் யாரோ கிறுக்கிய பெயர் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கின்றன.