தஃவீல்: விளக்கமா, உள்ளுறையா?

குர்ஆனுக்குப் பொருள் சொல்வதைப் பற்றிய அரபுச் சொற்கள் இரண்டு: தஃப்ஸீர், தஃவீல். தஃப்ஸீருக்கும் விளக்கம், தஃவீலுக்கும் விளக்கம் என்று எழுதிவிட்டுப் போகிறோம். உரைகாரர்களுக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் இந்த அலட்சியம் ஆகாது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, இத்தகைய சொற்களைக் காதால் கேளாமலே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். தஃவீலைத் தாவீஸ் என்று வாசித்து, கழுத்தில் கட்டும் தாயத்தாக்கிய நண்பரும் எனக்கு உண்டு. அது வேறு வேர்.

தஃப்ஸீர் எளியது. திறந்து காட்டுவது என்று பொருள். சொற்பொருள், இலக்கணம், வசனம் இறங்கிய சூழல் எல்லாம் அதில் அடங்கும். 'உரை' என்றால் போதும்.

தஃவீலின் வேர்ச்சொல் 'அவ்ல்', திரும்பிச் செல்லுதல். 'முதல்' என்று பொருள்படும் 'அவ்வல்' என்பதிலும் அதே எழுத்துகள்தாம். ஒன்றை அது சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதே தஃவீல். குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில், பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாக யூசுப் நபி கனவு காண்கிறார். பல்லாண்டு கழித்து எகிப்தில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவர்முன் பணிகிறார்கள். 'இதுவே என் முந்தைய கனவின் தஃவீல்' என்கிறார். இங்கே 'விளக்கம்' என்று போட்டால் வாக்கியம் செத்துவிடும். கனவு பலித்தது என்பதுதானே நம் வழக்கு? ஆகவே கனவுக்குப் 'பலன்' என்று எழுதலாம்.

வேதத்துக்கு அது பொருந்தாது. 3ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பல பொருளுக்கு இடந்தரும் வசனங்களின் தஃவீலைப் பற்றிப் பேசுகிறது. 'அல்லாஹ்வைத் தவிர வேறெவரும் அறியார்' என்று அங்கே நிறுத்தி ஓதுவோர் பெரும்பாலோர். நிறுத்தாமல் தொடர்ந்து, 'அல்லாஹ்வும் அறிவில் ஊன்றியவர்களுமே அறிவர்' என்று கொள்வோரும் உண்டு. மூச்சை எங்கே விடுவது என்பதில் இருக்கிறது வேறுபாடு. சூத்திரத்தை எங்கே பிரிப்பது என்று தொல்காப்பிய உரைகாரர்கள் மோதிக்கொள்வதை, புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இஸ்லாமிய ஞானிகளான ஸூஃபிகளின் தஃவீல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். 20ஆம் அத்தியாயத்தில் துவா பள்ளத்தாக்கில் நிற்கும் மூஸா நபிக்கு, 'உம் காலணிகளைக் கழற்றிவிடும்' என்று கட்டளை வருகிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இரு காலணிகளும் இம்மை, மறுமை என்னும் ஈருலகப் பற்று என்கிறார். ஆனால் மூஸா நபி காலணியையும் கழற்றினார், பற்றையும் கழற்றினார் என்பதில் அவர் உறுதியாக நிற்கிறார். வெளிப்பொருளை அழித்துவிட்டு உட்பொருளை மட்டும் பிடிப்பவர் அவர் கணக்கில் வழிதவறியவர்.

இதனால்தான் 'உட்பொருள்' என்ற மொழிபெயர்ப்பில் எனக்கு நிறைவில்லை. அது வெளியைத் தோல்போல உரித்தெறிந்துவிடுகிறது. சொன்ன காட்சிக்குள் சொல்லாத பொருளையும் வைக்கும், தொல்காப்பியர் தந்த 'உள்ளுறை' பொருத்தமானது. மருதப் பாட்டில் தாமரையை மேய்ந்து சேறுபட நிற்கும் எருமை உண்மையிலேயே எருமைதான். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனும் அதற்குள் நிற்கிறான். எருமையை நீக்கினால் பாட்டே இல்லை. கவிதைக்குரிய கலைச்சொல்லை வேதத்துக்குக் கொண்டுபோவதா என்று புலவர்கள் கடிந்துகொள்ளலாம். கடிந்துகொள்ளட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த முறை புதிதுமல்ல. இங்கே ஆச்சிரமம் வைத்திருந்த ஸூஃபி ஞானி பாவா முஹையத்தீன், 1971இல் அமெரிக்கா செல்லுமுன்னரே அவரைச் 'சுவாமி' என்றழைத்த சைவர்களுக்குத் தமிழிலேயே பேசியவர். ஜிஹாத் என்பது காமம், குரோதம், மதம் என்னும் செருக்கு, மாற்சரியம் ஆகியவற்றோடு உள்ளத்தில் நடத்தும் போர் என்பார். எல்லாம் சைவப் பிள்ளைகளுக்கும் பழக்கமான பகைவர்களே. வேலணைத் தீவின் மண்கும்பானில், இயேசுவின் தாயான மர்யம் அம்மையின் நினைவாக அவர் கட்டிய பள்ளிவாசல் 1975இல் நிறைவேறியது.

நல்லூர் வாசலில் 'செருப்பைக் கழற்று' என்று அதட்டிய அம்மம்மா, மண்கும்பானிலும் அதே குரலில் அதட்டினார். ஏன் என்று கேட்டேன். 'கழற்றிவிட்டு வா, பிறகு சொல்கிறேன்' என்றார்.