டவர் பீரும் கார் சாவியும்

குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்றால், "கொஞ்சம்தான்" என்பார். பல நேரம் அது பொய்யில்லை. அவருக்கே கணக்குத் தெரியாது. கணக்குத் தெரியாதபடிதான் விற்பனையே நடக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸோ சங்காட் புக்கிட் பிந்தாங்கோ, தனித்தனி கிளாஸைவிட, வாளியில் பல பாட்டில் வரும் பக்கெட்டும், அடியில் குழாய் வைத்த உயரமான டவரும் மலிவு. 3 லிட்டர் டவர் மேசை நடுவே நிற்கும். கிளாஸ் பாதி இறங்கியதும் யாராவது நிரப்பிவிடுவார்கள். காலியாகாத கிளாஸை எப்படி எண்ணுவது?

டவரை மூவர் சமமாகக் குடித்தால் ஆளுக்கு 1 லிட்டர். 5 விழுக்காடு பீரில் அது ஏறக்குறைய 40 கிராம் ஆல்கஹால். 640 மில்லி பெரிய பாட்டில் ஒன்றில் 25 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் அந்த ஒரு பாட்டிலை வெறும் வயிற்றில் வேகமாக இறக்கினாலே, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமைத் தொட்டுவிடலாம். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் சீக்கிரம்.

அந்த 50தான் மலேசியாவில் ஓட்டுபவருக்கு இன்றைய வரம்பு. 2020 அக்டோபர் 23 வரை 80 ஆக இருந்தது; 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்ததும் 22 ஆகிவிட்டது. "ரெண்டு பாட்டில் தாங்கும்" என்பவர்கள் இன்னும் பழைய எண்ணிலேயே இருக்கிறார்கள். வரம்பு மீறி ஓட்டினால், முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டுவரை சிறை, லைசென்ஸும் போகும். உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை. ஊத மறுப்பதும் குற்றம்தான். சொந்தக் காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

பார் மூடியதும் மாமாக் கடையில் ரொட்டி சானாய், கட்டிக் கோப்பி, ஐசோடானிக் பானம் என்று ஒரு சடங்கு உண்டு. தூக்கம் கலையும், அவ்வளவுதான். 100 மில்லி ரத்தத்தில் ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். கோப்பியாலோ குளியலாலோ அது வேகமெடுக்காது. சாப்பாடு குடிக்கும் முன் போயிருந்தால் ஏறுவதைத் தாமதப்படுத்தியிருக்கும், பிறகு சாப்பிட்டுப் பெரிதாகப் பயனில்லை.

பலர் கோட்டை விடுவது மறுநாள் காலையில். இரவு 10 முதல் 1 வரை 4 பெரிய பாட்டில் குடித்த அதே 70 கிலோக்காரர், 6 மணி நேரம் தூங்கி 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ரத்தத்தில் இன்னும் 75 அளவில் இருக்கலாம். தலை தெளிந்திருக்கும், மெஷின் ஒப்புக்கொள்ளாது.

காரிலேயே படுத்துவிடலாம் என்பதும் பாதுகாப்பான வழியல்ல. போதையில் வாகனத்தைக் கைவசம் வைத்திருப்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். ஏர்கோனுக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குபவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஆகவே முடிவை முதல் கிளாஸுக்கு முன்பே எடுங்கள். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், பார் அதற்குப் பிறகும் ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவதால் கிராப் கட்டணம் ஏறும். அதைப் பார்த்துத்தான் "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்ற பேச்சு வரும். லாஸ்ட் ஆர்டருக்கு முன்பே கிராப் காரை அழைத்துவிடுங்கள். உங்கள் காரையே ஓட்டி வீட்டில் விடும் ஓட்டுநர் சேவையும் கோலாலம்பூரில் இருக்கிறது, முன்பதிவு நல்லது.

பார் நடத்துபவர்களுக்கும் ஒன்று. அதிக விலையில்லாத வேலைகள்தாம்: டவரோடு தண்ணீர் ஜாடி, கேட்காமல் நிரப்பாத பணியாளர், பொரித்த கடலைக்குப் பதில் வயிறு நிறையும் ஒரு தட்டு. கார் பார்க் கேட்டை இரவே பூட்டுவதாகச் சொன்னால் எந்த வாடிக்கையாளரும் காரை விட்டுப் போகமாட்டார். காலை 11 மணிவரை கட்டணமில்லாமல் நிறுத்தலாம் என்று பில்லின் அடியில் அச்சடியுங்கள்.