பிரசவம் பார்க்கப் படிக்கப் போகிற பெண்களுக்கு: பணம் கட்டும் முன் கவுன்சில் பதிவைக் கேளுங்கள்

போன வருஷம் ஆனி மாதம் ஒரு பெண் தன் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் ஃபைலில் இருந்து லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் தங்க நிற முத்திரை. நடுவில் கொட்டை எழுத்தில் 'வில்லேஜ் ஹெல்த் நர்சிங்', கீழே சின்னதாக 'ஓராண்டு டிப்ளமோ'. அம்மாவின் தோட்டை அடகு வைத்து 55,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய தருமபுரியிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. முதல் தடவை, "ஆன்லைன்ல போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆன்லைனில் தேடினால் அந்தப் பள்ளியின் பெயரே வரவில்லை. மறுபடி போனால், "லிஸ்ட்ல இல்லம்மா" என்றார்கள். 'இந்தச் சான்றிதழுக்குப் பதிவு கிடையாது, இனியும் கிடைக்காது' என்று முதல் நாளே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால், இரண்டாம் தடவை பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிஞ்சியிருக்கும்.

நான் கிராம சுகாதார செவிலியராக 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் இப்படி ஏமாந்து வந்தவர்களில் இவள் முதல் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரசவம் பார்க்கும் வேலையைச் சட்டப்படி செய்ய, மாநில செவிலியர் கவுன்சிலின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 1926-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. 2023-ல் புதிய தேசியச் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் பதிவு இல்லாமல் வேலை இல்லை என்பது மாறவில்லை.

அந்தப் பதிவேட்டுக்குப் போக மூன்று படிப்புகள் இருக்கின்றன. ஏ.என்.எம். 2 வருஷம், பெண்களுக்கு மட்டும். ஜி.என்.எம். என்கிற பொதுச் செவிலியம், மருத்துவச்சி டிப்ளமோ 3 வருஷம். பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருஷம். ஏ.என்.எம். முடித்தால் துணை செவிலியர் மருத்துவச்சி என்று பதிவாகும். மற்ற இரண்டில் எதை முடித்தாலும் செவிலியர், மருத்துவச்சி என்று இரண்டும் சேர்ந்து பதிவாகும். ஓராண்டு, ஆறு மாதம், தபால் வழி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு என்று வேறு எதைச் சொன்னாலும் அது இந்தப் பதிவேட்டுக்குப் போகாது. 'ஹெல்த் அசிஸ்டென்ட்', 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஃபர்ஸ்ட் எய்டு அண்ட் பிராக்டிகல் நர்சிங்' எல்லாம் இந்த ரகம்தான். தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளாகக் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பார்கள். அரசு செவிலியர் வேலைக்கு அந்தச் சான்றிதழால் விண்ணப்பமே போட முடியாது.

அதனால் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "படிச்சு முடிச்சா தமிழ்நாடு கவுன்சில்ல எந்தப் பேர்ல பதிவாகும்?" வாயால் சொல்வதை நம்பாதீர்கள். 'அரசு அங்கீகாரம்', 'ஐ.எஸ்.ஓ. தரச்சான்று', 'மத்திய அரசு பதிவு பெற்ற டிரஸ்ட்' என்று போர்டில் எழுதியிருப்பார்கள். டிரஸ்ட்டை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்யலாம். அதற்கும் நர்சிங் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. கவுன்சில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர், ஊர், படிப்பு மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரே நிர்வாகம் பி.எஸ்ஸி.க்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு, அதே கட்டடத்தில் அங்கீகாரம் இல்லாத ஏ.என்.எம். வகுப்பு நடத்தலாம். சந்தேகம் தீரவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கவுன்சிலுக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். போனில் பிடிக்க முடியாத பதில் இதில் எழுத்தில் வரும். +2 ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல், பரீட்சை முடிந்த கையோடு மனுவைப் போட்டுவிட்டால் நேரம் சரியாக இருக்கும்.

அடுத்த பொறி, பத்தாம் வகுப்பு. "அக்கா, நீங்க பத்தாவதுதானே படிச்சீங்க, என் பொண்ணுக்கு மட்டும் ஏன் +2 வேணும்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். என் காலத்தில் பத்தாம் வகுப்பும் 18 மாதப் பயிற்சியும் போதும். 2012-13 கல்வியாண்டு முதல் ஏ.என்.எம். சேர +2 தேர்ச்சி கட்டாயம். பழைய முறையில் படித்தவர்கள் இன்னும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் அரசு அறிவிக்கையில் அந்தப் பழைய தகுதியையும் சேர்த்தே போடுவார்கள். 2023 அக்டோபரில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,250 கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை விட்டபோதும் அப்படித்தான் இருந்தது. ஏஜென்ட்டுகள் அந்த வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்ஆப்பில் சுற்ற விட்டு, பத்தாம் வகுப்புப் பெண்களைச் சேர்க்கிறார்கள். இன்று புதிதாகச் சேர்பவருக்கு அந்த வரி பொருந்தாது.

ஏ.என்.எம்.முக்கு +2-வில் அறிவியல், கலை, வணிகவியல் எது படித்திருந்தாலும் சரி. தொழிற்கல்வி என்றால் சுகாதாரம் சார்ந்த பிரிவு மட்டும்தான். பி.எஸ்ஸி.க்கு அப்படி இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், அதற்குரிய மதிப்பெண்ணும் வேண்டும். காமர்ஸ் படித்த பெண்ணிடம், "சீட் இருக்கு, பிறகு சரி பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு சரி செய்ய ஒரு வழியும் கிடையாது. வயது, சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும். ஏ.என்.எம்.முக்கு மேல் வரம்பு 35. கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு படிக்க நினைப்பவர்கள் இந்த 35-ஐ மனதில் வையுங்கள். போலிப் படிப்பில் போகும் ஒரு வருஷம் இந்தக் கணக்கில் இருந்துதான் கழிகிறது.

ஓசூர் தாண்டி பெங்களூரு பக்கம் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுகள் எங்கள் மாவட்டத்தில் அதிகம். "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்பார்கள். வெளி மாநிலத்தில் முறையாகப் படித்திருந்தாலே, முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து, அங்கிருந்து தடையில்லாச் சான்றும் சரிபார்ப்பும் வந்த பிறகுதான் இங்கே பதிவு. அந்தக் கடிதத்துக்கு அங்கே ஒரு வரிசை, இங்கே ஒரு வரிசை. இவர்கள் 'இன்னும் வரவில்லை' என்பார்கள், அவர்கள் 'எப்போதோ அனுப்பிவிட்டோம்' என்பார்கள். நடுவில் நிற்கும் பெண்ணுக்கு மாதங்கள் போகும். வெளி மாநிலத்தில் படிப்பதென்றால், கடிதம் அனுப்பிய தேதியையும் அனுப்பு எண்ணையும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

இனிஷியல் தகராறு சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நான் பார்த்ததில் அதிகம் பேரை நிறுத்தியது இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா எம்'. ஆதாரில் 'கவிதா முருகேசன்'. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரைத் திருத்தியதால் 'கவிதா சரவணன்'. செவிலியர்களின் தேசியப் பதிவு ஆதாரோடு இணைந்தது. மூன்று பெயரும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது, கவுண்டரில் இருப்பவர் பொறுப்பேற்க மாட்டார். நோட்டரி, தாலுகா ஆபீஸ், கெஜட் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டுவார்கள். படிப்பில் சேரும் முன்பே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோல ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். கல்யாணமானதும் கணவர் பெயரைச் சேர்க்க அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள்.

பள்ளியைப் பார்க்கப் போனால் வகுப்பறையையும் ஏ.சி. ஹாலையும் காட்டுவார்கள். லேபர் வார்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, அங்கே நேற்று எத்தனை பிரசவம் நடந்தது என்று கேளுங்கள். சில இடங்களில் மாணவிகள், தாங்கள் பார்த்த பிரசவங்களை எழுத வேண்டிய கேஸ் புக்கை சீனியர் எழுதியதைப் பார்த்து நகல் எடுத்து, கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். அப்படிப் படித்து முடித்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, ராத்திரி 2 மணிக்கு, நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்காத தாயின் வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை. என் கையை அவள் கை மேல் வைத்து அழுத்தி, தேய்த்துக் காட்டினேன். அது பந்துபோல இறுகியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பதிவு எண் கிடைத்த பெண்தான் அவள். அவளைத் திட்டிப் பயனில்லை. வார்டுக்கே அனுப்பாமல் பணம் வாங்கியவர்கள் செய்த வேலை அது.

'வீட்டுப் பிரசவப் பயிற்சி', 'டூலா' (பிரசவ நேரத்தில் தாய்க்குத் துணையாக இருப்பவர்) சான்றிதழ், 'இயற்கைப் பிரசவ முகாம்' என்று வருபவை எவையும் பிரசவம் பார்க்க உரிமம் தராது. 2018-ல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஓர் இளம் தாய் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' என்ற 18 மாதப் பயிற்சி பற்றியும் கேட்கிறார்கள். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வந்த நல்ல திட்டம். ஆனால் +2 முடித்தவர் நேராகச் சேர முடியாது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. முடித்துப் பதிவு பெற்று, பிரசவ வார்டில் அனுபவம் உள்ள செவிலியர்களுக்கானது அது. இதன் பெயரைச் சொல்லிப் பள்ளி முடித்த பெண்ணிடம் யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. படிக்கும் நிறுவனம் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். "எங்க காலேஜ்ல அதெல்லாம் இல்ல" என்று அலுவலகத்தில் சொன்னால், அங்கீகாரத்தையே ஒரு முறை மறுபடி சரிபார்த்துவிட்டு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. சேரும் நாளில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் "இரண்டு வருஷம் எங்க ஆஸ்பத்திரியிலயே வேலை பாரு, இல்ல லட்ச ரூபா கட்டு" என்கிற இடங்கள் இருக்கின்றன. அந்தப் பேப்பர் இல்லாமல் கவுன்சில் பதிவு நடக்காது. பதிவு இல்லாமல் அரசு அறிவிக்கைக்கு விண்ணப்பிக்க முடியாது. கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது. சான்றிதழ் கொடுக்கும்போது எதை எதைக் கொடுத்தோம் என்று வரிசை எண்ணோடு எழுதி, பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். எழுதிய பாண்ட் பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னால், ஒரு ஜெராக்ஸ் வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து, படித்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். சான்றிதழ்களைப் பள்ளி பிடித்து வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை ஆட்சியர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தக் கையெழுத்துப் பட்டியலை இணைத்து மனு கொடுங்கள். ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். பட்டியலோடு போனவர்களுக்குச் சான்றிதழ் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வெறுங்கையோடு போனவர்களை அலைய விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த லேமினேட் சான்றிதழ்க்காரப் பெண்ணுக்கு 55,000 திரும்பி வரவில்லை. அவளுக்கு வயது 22, +2-வில் வணிகவியல் படித்து தேர்ச்சி பெற்றவள். இந்த முறை பட்டியலை அவளே பார்த்தாள், லேபர் வார்டை அவளே கேட்டுப் பார்த்தாள். ஏ.என்.எம். முதல் வருஷம் நடக்கிறது.