மோட்டார் இல்லாத ஆர்.ஓ.

தர்மபுரிக்காரர்கள் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "குடிக்கலாமா?" என்றுதான். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு, பல்லில் பழுப்புக் கறை, இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகும் சமையலறைச் சுவரில் மாட்டிய ஆர்.ஓ. மெஷினைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் போன வருஷ லீவில் பிச்சாவரம் போய், கடலோரச் சேற்றில் நிற்கும் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் ஏறியதும் மகள் கேட்ட கேள்வி ஆச்சரியமாக இல்லை. "அப்பா, இந்த மரமெல்லாம் உப்புத் தண்ணிய எப்படிக் குடிக்குது?"

குடிப்பதில்லை. வடிகட்டிவிட்டுத்தான் குடிக்கின்றன.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை நம் வீட்டுப் புளியங்கன்றுக்கு ஊற்றினால், வேரில் இருக்கிற தண்ணீரும் வெளியே போய்விடும். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான்: தண்ணீர் எப்போதும் உப்பு அதிகம் இருக்கும் பக்கம் போகும். அதை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டுமானால், கடல்நீரைப் பொறுத்தவரை, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 25 மடங்கு விசை வேண்டும். நம் மெஷினில் மோட்டார் அதைத் தள்ளுகிறது. அலையாத்தி மரம் மேலிருந்து இழுக்கிறது. வெயிலில் இலைகளிலிருந்து ஆவி போகப் போக, தண்டுக்குள் இலை முதல் வேர் வரை அறுபடாமல் நிற்கும் தண்ணீர் இழை விறைத்து இழுபடுகிறது. வேரில் இருக்கும் சவ்வு தண்ணீரை மட்டும் உள்ளே விட்டு, உப்பில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது.

இதை அளந்து காட்டியவர் ஷோலாண்டர் என்ற விஞ்ஞானி, 1965-ல். வெட்டிய கிளையை ஒரு கெட்டியான கலத்துக்குள் வைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். வெட்டுவாயில் சாறு எட்டிப்பார்க்கும் நொடியில் இருக்கும் அழுத்தம்தான் மரம் அதுவரை இழுத்துக்கொண்டிருந்த விசை. கடல்நீரை வெல்லத் தேவையானதைவிட அது அதிகமாகவே இருந்தது!

அலையாத்தியில் வகைகள் உண்டு. சுரபுன்னை வேரிலேயே கிட்டத்தட்ட எல்லா உப்பையும் தடுத்துவிடும். வெண்கண்டல் கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் இலைச் சுரப்பி வழியாக வெளியே தள்ளும். படகுக்காரர் ஒரு வெண்கண்டல் கிளையை வளைத்துக் கொடுத்தார், இலை மேல் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன், நல்ல கரிப்பு. எல்லா மரத்திலும் இப்படி வாய் வைத்துவிடக் கூடாது. தில்லை மரமும் இங்கே உண்டு, சிதம்பரம் கோயிலின் தல விருட்சம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கொஞ்ச நாள் போய்விடும்.

மூச்சு விடுவது தனிப் பிரச்சினை. சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வெண்கண்டல் பென்சில் நட்டு வைத்தாற்போல வேர்களை மேலே நீட்டுகிறது. தண்ணீர் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறையும். வடிந்ததும் வேரின் துளைகள் வழியே காற்று தானாக உள்ளே ஏறும்.

சரி, ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நல்ல தண்ணீர் ஒரு பக்கம், கழிவுத் தண்ணீர் இன்னொரு பக்கம். மரம் வேண்டாமென்று ஒதுக்கிய உப்பும் வேரைச் சுற்றியே சேரும், தினமும் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல் தண்ணீர், வந்து அலசிக்கொண்டு போக வேண்டும். பிச்சாவரத்தில் முன்பு காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, அமுங்கி, தட்டு மாதிரி குழிந்துபோக, உள்ளே வந்த ஓத நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே வற்றி உப்பாகிவிட்டது. அவ்வளவு உப்பை இந்த மரங்களாலும் தாங்க முடியவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்த வைத்தியம் எளிமையானது: மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்துபோக வழிவிட்டு, கன்று நட்டார்கள். காடு திரும்பி வந்தது.

இன்னொரு பக்கம் ஆற்று நீரும் வந்து உப்பை நீர்க்கச் செய்ய வேண்டும். பிச்சாவரம் இருப்பது வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். கொள்ளிடம் என்றால் முக்கொம்பில் பிரிகிற நம் காவிரிதான். ஒகேனக்கலில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டால் இங்கே எல்லோருக்கும் எரிச்சல். மேட்டூரும் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் இறங்கினால் அங்கே மரங்களுக்கு விருந்து.

திரும்பும் வழியில் சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருளர் என்றார் படகுக்காரர். தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம்தான் எனக்கு இருளரைத் தெரியும், கடலோரத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

முருங்கைக்காய் போல மிதந்து வந்த சுரபுன்னை நாற்று ஒன்றைப் படகுக்காரர் எடுத்து மகளிடம் கொடுத்தார். விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு, பிறகுதான் விழுமாம். அவள் அதைக் கரைச் சேற்றில் குத்தப் பார்த்தாள், சாய்ந்து விழுந்துவிட்டது.

"விடு பாப்பா, தண்ணி ஏறினா தூக்கிட்டுப் போயிடும், அதுவே எங்கயாவது நட்டுக்கும்" என்றபடி துடுப்பைப் போட்டார்.