உத்தரவாதமும் பொறுப்பும்: சொல் விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘உத்தரவாதம்’ என்ற சொல் இரண்டு விதமாகப் பழக்கம். தேர்தல் மேடையிலும் மிக்ஸி கடையிலும் கேட்பது ஒன்று. அது தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான், ‘கண்டிப்பாகச் செய்து தருகிறேன், நம்பலாம்’ என்ற உறுதி. வீட்டில் கேட்பது வேறு. “மாடு கயித்த அறுத்துட்டுப் போயி அடுத்தவன் வாழையத் தின்னா அது ஒனக்க உத்தரவாதமாக்கும்” என்று பாட்டி சொன்னால், அங்கே யாரும் யாருக்கும் உறுதி கொடுக்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொள்வது உன் வேலை, தவறினால் நீதான் கேள்விக்கு நிற்க வேண்டும் என்கிறாள்.

இந்த இரண்டாவது பொருள் மலையாள வழக்கோடு ஒட்டியது, அங்கே உத்தரவாதித்தம் என்றாலே பொறுப்புதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின, அதுவரை திருவிதாங்கூர் சமஸ்தானம், கடைசியில் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி. அரசியலிலும் இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. 1938இல் தொடங்கிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் மலையாளத்தில் கேட்டது ‘உத்தரவாதித்த பரணம்’, அதாவது திவானை வைத்து மன்னர் நடத்தும் ஆட்சி போய், மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குக் கட்டுப்பட்ட அமைச்சரவை. 1948இல் அந்தக் கட்சித் தலைவர் பட்டம் தாணுபிள்ளை தலைமையில் அது வந்தது. தமிழில் இதையே பொறுப்பாட்சி என்று எழுதுகிறோம்.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் உத்தரம் என்றால் பதில், வாதம் என்றால் பேச்சு. உத்தரவாதி என்பவர் வழக்கில் எதிர்த்தரப்பாக நின்று பதில் சொல்பவர், வழக்குத் தொடுத்தவர் பூர்வவாதி. ஆக இது கோர்ட்டில் பிறந்த சொல். நம் தாத்தாக்கள் காலத்துத் தமிழில் இதே இடத்தில் ‘ஜவாப்தாரி’ நின்றது, “சாமான் தொலைந்தால் கடைக்காரர் ஜவாப்தாரி அல்ல” என்பது போல. ஜவாப் அரபிச் சொல், அதற்கும் பதில் என்றுதான் பொருள், ‘தார்’ பாரசீக ஒட்டு, உடையவர் என்று அர்த்தம். ஆங்கிலத்து ரெஸ்பான்ஸிபிலிட்டியைத் தோண்டினாலும் லத்தீனில் பதில் சொல்வது என்ற வினைதான் அடியில் கிடக்கிறது. எல்லாமே ஒரு ஆள் எதிரே நின்று கேட்பதை முன்வைத்த சொற்கள். அப்படியானால் கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும்?

தமிழ்ச் சொல் வேறு வழியில் போகிறது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். பொறுப்பு, ‘பொறு’ என்ற வினையிலிருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பொறுமையும் அதே வேர்தான், பொறையும் அதே வேர்தான். திருக்குறளில் 16ஆவது அதிகாரத்துப் பொறையுடைமையில் பொறை என்றால் பொறுத்துக்கொள்ளும் குணம், 572ஆம் குறளில் ‘நிலக்குப் பொறை’ என்று வரும்போது அதே சொல் நிலத்துக்குப் பாரம் என்று ஆகிவிடுகிறது. சுமையும் சுமக்கும் குணமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இதில் கேள்வி கேட்பவர் யாரும் இல்லை, சுமை இருக்கிறது, தூக்க ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். யாரும் பார்க்காத இடத்திலும் பொறுப்பு பொறுப்பாகவே இருக்க முடியும் என்பதை இந்த வேரே சொல்லிவிடுகிறது.

சுமை என்றதும் நம் மாவட்டத்தில் நினைவுக்கு வர வேண்டியது சுமைதாங்கிக் கல். பழைய பாதையோரங்களில் இன்னும் அங்கங்கே நிற்கிறது, இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள், ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு. மீன் கூடையோ தேங்காயோ நெல்லோ தலையில் வைத்து மைல் கணக்கில் நடந்த காலம் அது. பாரத்தை இறக்கவும் திரும்ப ஏற்றவும் இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும், ஆளில்லாத வழியில் என்ன செய்வது? கல்லுக்கு நேராக வந்து தலையிலிருந்து அப்படியே அதன்மேல் தள்ளி வைக்கலாம், இளைப்பாறி முடித்ததும் தலையைக் கீழே கொடுத்து இழுத்துக்கொண்டு கிளம்பலாம், யாரையும் கூப்பிட வேண்டாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில், வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இந்தக் கல்லை நட்டிருக்கிறார்கள். தனி ஆள் யார் தயவும் இல்லாமல் நடப்பதற்கு முன்னால் போன ஒருவர் கல் நட்டு வைத்திருக்கிறார், இதை மறந்துவிட்டுத் தற்சார்பு பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு அம்மா போன் போட்டு, குழாய் சொட்டுகிறது என்கிறார், அவன் அங்கிருந்து ஊரில் ஒரு நண்பனுக்குச் சொல்கிறான், நண்பன் பிளம்பருக்குச் சொல்கிறான், பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருவார். அதுவரை வாளி நிரம்பி வழிகிறது. திருகுக் குழாய் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாசர் தேய்ந்திருக்கும். தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டு, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினால் அடியில் நசுங்கிப் பள்ளம் விழுந்த வாசர் தெரியும், அதே அளவில் புதியது ஒன்றைப் போட்டுத் திரும்ப முறுக்கினால் வேலை முடிந்தது. ஹார்டுவேர் கடையில் வாசர் சில ரூபாய்தான். இதை அந்த அம்மாவே செய்ய முடியும், பத்தாவது படிக்கும் பேத்தியாலும் முடியும். யாரும் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை, அதுதான் குறை. பேங்க் சலான் நிரப்புவது, மருந்துச் சீட்டைத் தானே வாசித்துப் புரிந்துகொள்வது, கரண்டு பில் கடைசி நாளை நினைவில் வைப்பது எல்லாம் இதே கணக்கில் வரும்.

குடும்பத்தில் எல்லாவற்றையும் ஒரே ஆள் தூக்குவதைப் பொறுப்பு என்று நினைக்கிறோம், அதையும் சொல்ல வேண்டும். ஓட்டு வீட்டில் கூரையைத் தாங்கும் மரத்துக்கும் உத்தரம் என்றுதான் பெயர், தான்தான் அந்த உத்தரத்தைத் தாங்குவதாக நினைக்கும் பல்லியைப் பற்றி மலையாளத்தில் ஒரு வழக்கு உண்டு. நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகள் கையில் ஸ்பேனரைக் கொடுக்காதவர்களைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. சுமையைப் பங்கு வைக்காத வீட்டில் இளையவர்களுக்குத் தோள் பழகாது.

தமிழில் எதை எழுதுவது என்றால், கடைக்காரர் தரும் உத்தரவாதத்துக்கு ‘உறுதி’ போதும், நீ பார்த்துக்கொள் என்ற இடத்தில் ‘பொறுப்பு’, ஆளைக் குறித்தால் ‘பொறுப்பாளர்’. தற்சார்பைச் சுயசார்பு என்றும் எழுதுவார்கள், அதில் ‘சுய’ வடமொழி, சார்பு தமிழ். தன் என்பதோடு சேர்த்தால் தற்சார்பு, தற்காப்பு, தற்பெருமை போலவே ன் இங்கே ற் ஆகிறது, இயற்கை வேளாண்மைக்காரர்கள் புழங்கிப் புழங்கி இது இப்போது நன்றாகவே பழகிவிட்டது. ‘சுய பொறுப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள், அதற்குத் தேவை இல்லை, பேச்சில் “இது என் பொறுப்பு” என்றாலே எல்லாருக்கும் விளங்கும்.