பத்தாயிரம் வீச்சுகளின் மீனும் அதை வளர்க்கும் ஏரிகளும்

வீசிய செயற்கை இரையைச் சுருட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார் தூண்டில்காரர். அது படகை எட்ட இன்னும் இரண்டு மீட்டர்தான். அப்போதுதான் அதன் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் மரக்கட்டை போன்ற நீண்ட நிழல் ஒன்று தெரிகிறது. செவுள் மட்டும் மெல்ல அசைகிறது, வாய் திறக்கவில்லை. அவர் தூண்டிற்கோலின் நுனியை நீருக்குள் அழுத்தி, அகலமாக எட்டு போடத் தொடங்குகிறார். ஓட்டுநர் உரிமத்துக்காகத் திடலில் போடுவோமே, அதே எட்டுதான். வளைவில் இரை திரும்பும் கணத்தில் சில நேரம் மீன் பாய்ந்து கவ்வும். பல நேரம் ஆழத்துக்குள் அப்படியே கரைந்துபோகும்.

வட அமெரிக்க நன்னீர்களில் வாழும் மஸ்கி மீன் இது. முழுப் பெயர் மஸ்கெலஞ்ச். பைக் மீன் குடும்பத்திலேயே மிகப் பெரியது. ஒஜிப்வே பழங்குடியினர் வைத்த பெயரிலிருந்து வந்தது இச்சொல். ‘அழகற்ற பைக் மீன்’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பத்தாயிரம் முறை வீசினால் ஒருமுறை கிடைக்கும் மீன் என்பது அங்கே வழக்கமான பேச்சு. அனைத்துலகப் பதிவில் இன்றும் முதலிடத்தில் இருப்பது 1949ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லாக் கூடரே ஏரியில் பிடிபட்ட மீன். எடை 30 கிலோவுக்கும் சற்றுக் கூடுதல்.

மஸ்கிக்காரர்கள் ஆண்டுதோறும் சில நீர்நிலைகளையே தேடிப் போகிறார்கள். மினசோட்டாவின் மில் லாக்ஸ், லீச் ஏரி, டெட்ராய்ட் நகரை ஒட்டிய செயின்ட் கிளேர், விஸ்கான்சினின் கிரீன் பே, கனடாவின் ஜார்ஜியன் பே என்று அந்தப் பட்டியல் நீளும். அக்கம்பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்க இவை மட்டும் ஏன்? மீனின் குணத்தைவிட ஏரியின் அடித்தரையும் இரையும்தான் இதைத் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் இரை. ஓடுமீன்களை ஓடவிட்டு உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கை நமக்குத் தெரியும். இங்கே அந்தப் பொறுமை மீனுக்கு வாய்த்திருக்கிறது. மஸ்கியின் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வால் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. வால் துடுப்போடு மூன்றும் சேர்ந்து ஒரே அகன்ற துடுப்பாக நீரை உதைக்கின்றன. உடலை ‘எஸ்’ வடிவில் வளைத்து நிமிர்த்தினால் போதும், அம்புபோலப் பாயும். ஆனால் நெடுந்தூரம் துரத்தும் உடல் அதற்கு இல்லை. ஒவ்வொரு பாய்ச்சலும் செலவு. சின்னஞ்சிறு மீன்களைத் தின்று அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது. பெரிதாக வளர வேண்டுமானால் பெரிய, கொழுப்பு நிறைந்த இரை வேண்டும்.

அந்த இரையின் பெயர் சிஸ்கோ. மினசோட்டாவில் டலபீ என்பார்கள். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரில் கூட்டமாகத் திரியும் வெள்ளி நிற மீன். இலையுதிர்காலத்தின் கடைசியில், ஏரி உறையும் முன், முட்டையிடக் கரையோரப் பாறைத் திட்டுகளுக்கு வரும். மஸ்கிகளும் பின்னாலேயே வந்துவிடும். மினசோட்டா மாநிலத்தின் இன்றைய சாதனை மீன், 25 கிலோவைத் தாண்டியது, 2021 நவம்பரில் மில் லாக்ஸ் ஏரியில்தான் கிடைத்தது. சுமார் 530 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆழமோ எங்கும் 13 மீட்டரைத் தாண்டாது.

இரை மட்டும் இருந்தாலும் போதாது, வம்சமும் வேண்டும். மில் லாக்ஸில் உள்ள மஸ்கிகள் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. மினசோட்டா மீன்வளத் துறை முன்பு ஷூபேக் என்ற சிறிய ஏரியின் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்துப் பல ஏரிகளில் விட்டது. பெரிய ஏரிக்குப் போயும் அவை பெரிதாக வளரவில்லை. 1980களில் லீச் ஏரி வம்சத்துக்கு மாறினார்கள். இன்று அந்த மாநிலம் பெயர்பெற்றிருப்பது இந்த வம்சத்தால்தான்.

அடுத்தது முட்டை. இதைப் பற்றித் தூண்டில்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் வியப்பானது. மஸ்கியின் உறவான பைக் மீனின் முட்டை பசைபோல ஒட்டும். நீர்ச்செடியின் இலையில் பற்றிக்கொண்டு சேற்றுக்கு மேலே தொங்கும். மஸ்கியின் முட்டைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பனி உருகிய சில வாரங்களில், நீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுக்கும்போது, ஆணும் பெண்ணும் பக்கம் பக்கமாக நீந்திக்கொண்டே முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். கூடு இல்லை, காவல் இல்லை. முட்டை நேரே தரையில் போய் விழுகிறது. அங்கே அழுகும் இலையும் சேறும் மண்டியிருந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தரையை ஒட்டிய ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். ஒரு முழம் மேலே நீர் நன்றாகவே இருக்கலாம். தரையோடு கிடக்கும் முட்டைக்கு மூச்சு முட்டும். விஸ்கான்சினில் 1980களில் நடந்த ஆய்வுகள் இதை அளந்தே காட்டின. மஸ்கி தானாகப் பெருகாத ஏரிகளில் தரைமட்டத்து ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது.

லீச் ஏரியில் மஸ்கிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. கரையோரச் சேற்றை விட்டுச் சற்று உள்ளே போய், தரையில் மெத்தைபோலப் படர்ந்த காரா என்னும் பாசியின்மேல் முட்டையிடுகின்றன. முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. முன்னதாகவே பொரிந்து, மஸ்கிக் குஞ்சுகளை விழுங்கக் காத்திருக்கும் பைக் குஞ்சுகளிடமிருந்தும் விலகியாயிற்று.

செயின்ட் கிளேரின் கதை வேறு. ஹூரான் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவில் கிடக்கும் அகன்ற ஏரி அது. சராசரி ஆழம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. மஸ்கிகள் அங்கே தாமாகவே பெருகுகின்றன. 1988ல் கப்பல்களோடு வந்த வரிக்குதிரைச் சிப்பி அந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை நீரை வடிகட்டும். கோடிக்கணக்கில் பெருகியதும் நீர் தெளிந்தது, வெளிச்சம் அடிவரை இறங்கியது, நீர்ச்செடிகள் காடாக வளர்ந்தன. பதுங்கித் தாக்கும் மஸ்கிக்கு அது நல்ல காலம். ஆனால் அந்த ஏரிக்கே உரிய சிப்பிகள் ஏறக்குறைய அழிந்துபோயின. மஸ்கிக்காரர்கள் கொண்டாடும் தெளிந்த நீருக்கு அவை கொடுத்த விலையை மறக்க என்னால் முடியவில்லை.

தெளிந்த நீர் மஸ்கிக்கு ஏன் வசதி? இரையைத் தொலைவில் கண்டு அணுகுவதற்கு அது கண்ணையே நம்புகிறது. கடைசிப் பாய்ச்சலில் உடலின் பக்கக்கோடும் துணைக்கு வருகிறது. நீரின் அதிர்வை உணரும் உறுப்பு அது. பார்வை மறைக்கப்பட்ட மஸ்கிகள் இரையைப் பின்தொடரவே இல்லை. மிக அருகில் வந்தபோது மட்டும் பாய்ந்தன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. கலங்கிய நீரில் தகடு சுழன்று அதிரும் இரைகளை மஸ்கிக்காரர்கள் வீசுவது இதனால்தான்.

இத்தனையும் கூடிவந்தாலும் காலம் எடுக்கிறது. 50 அங்குலத்தை எட்டப் பெண் மீனுக்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண் மீன்கள் அந்த அளவை எட்டுவது அரிது. 1966ல் மினசோட்டாவில் தொடங்கிய ‘மஸ்கீஸ் இன்க்’ அமைப்பு, பிடித்த மீனைத் திரும்ப விடும் பழக்கத்தைப் பரப்பியது. அதே மாநிலத்தில் இன்று பெரும்பாலான நீர்களில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது கவலை வெப்பத்தைப் பற்றியது. கோடை கடுமையானால் மில் லாக்ஸ் போன்ற ஆழமில்லாத ஏரிகளில் டலபீ ஒதுங்கக் குளிர்ந்த அடுக்கே இருப்பதில்லை, செத்து மிதக்கின்றன. மஸ்கியும் தப்புவதில்லை. நீர் 27 டிகிரியை நெருங்கும்போது போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் பல நேரம் பிழைக்காது. அதனால் பொறுப்புள்ள மஸ்கிக்காரர்கள் கோடையில் முதலில் நீரில் இறக்குவது வெப்பமானியை. முள் அந்த எண்ணைத் தொட்டால், அன்று தூண்டிற்கோலை உறையிலிருந்து எடுப்பதே இல்லை.